ஐந்து கோயில்களும் அவற்றின் இடைவழியும்

பஞ்சபூதத் தலங்கள் என்றவுடன் காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, திருக்காளத்தி, சிதம்பரம் ஆகிய ஐந்து தலங்களே நம் நினைவுக்கு வரும். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற ஐம்பூதங்களின் வடிவாக இறைவன் அங்கெல்லாம் எழுந்தருளியிருக்கிறான். அவற்றை முழுமையாகத் தரிசிக்க வேண்டுமானால் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். ஆனால் தென்பாண்டிச் சீமையில் வாழும் எங்களுக்கு, அதே ஐம்பூதங்களையும் நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட ஒரு சுற்றுக்குள் அவன் அமைத்துத் தந்திருக்கிறான்.

சங்கரன்கோவில் சங்கரலிங்கப் பெருமான் மண் தலத்து இறைவர். கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் நெருப்பு. தாருகாபுரம் மத்தியஸ்தநாதர் நீர். தென்மலை திரிபுரநாதர் காற்று. தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி ஆகாயம். இவற்றுள் தேவதானம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மற்ற நான்கும் தென்காசி மாவட்டத்தில் உள்ளன.

மகா சிவராத்திரியன்று இந்த ஐந்து தலங்களையும் ஒரே இரவில் தரிசித்துவிடுவது இவ்வட்டாரத்து அடியார்களின் வழக்கம். மாலையில் புறப்படும் வேன்கள் விடிவதற்குள் ஐந்து சந்நிதிகளையும் தொட்டுத் திரும்பிவிடும். புளியங்குடியிலிருந்து நானும் என் மனைவியும் பதினோரு ஆண்டுகள் அவ்வாறு சென்று வந்தோம். வங்கிப் பணியில் இருந்த நாட்களில்கூட அந்த ஓர் இரவுக்கு மட்டும் எப்படியோ விடுப்பு கிடைத்துவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறாள். வேனில் ஏறி இறங்க இயலாது. அடுத்து வந்த சிவராத்திரிக்கு நான் மட்டும் போய், ஐந்து கோயில்களின் திருநீற்றையும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்து நெற்றியில் இட்டுக்கொண்டவள், "கோயில் அஞ்சும் கண்ணை மூடினா எனக்குத் தெரியுதுங்க. நடுவுல உள்ள வழியைச் சொல்லுங்க. பதினோரு வருஷமும் அதைத் தூங்கிக்கிட்டேதானே கடந்திருக்கோம்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் பகலில் போக வேண்டும். மெல்லவும் போக வேண்டும். நடந்து செல்வதற்கு என் முழங்கால் மூட்டுகள் இடம் தரவில்லை. மருத்துவரைக் கேட்டேன். உடலின் எடையைக் கால்கள் சுமக்கும் நடையைவிட, இருக்கை சுமக்கும் மிதிவண்டியே என் மூட்டுகளுக்கு ஏற்றது என்றார். இதயப் பரிசோதனையையும் முடித்து அனுமதி தந்தார். கல்லூரி நாட்களோடு விட்டுப்போன சைக்கிள், அறுபது வயதுக்கு மேல் மீண்டும் என் கைக்கு வந்தது இப்படித்தான்.

துணைக்கு வந்தவர் என் மனைவியின் தம்பி. எலுமிச்சை விவசாயி. புளியங்குடிக்கும் மேற்கு மலைக்கும் நடுவே அவருடைய தோட்டம் இருக்கிறது. "அத்தான், மெயின் ரோட்டுல போனா லாரிக்கு ஒதுங்கவே நேரம் சரியா இருக்கும். குளத்தங்கரையும் வண்டிப்பாதையுமா நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஊர்களின் வழியே வடக்கு நோக்கிச் செல்கிறது. கிழக்கே சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாக இராஜபாளையத்துக்கு மற்றொரு சாலை செல்கிறது. இவ்விரண்டு தார்ச் சாலைகளுக்கும் இடையில் கிடக்கும் நிலம் முழுவதும் குளக்கரைகளும், செம்மண் சரளைப் பாதைகளும், வயல் வரப்பை ஒட்டிய தடங்களுமே.

சரளைப் பாதையில் மிதிவண்டி ஓட்டுவது இன்று மேலை நாடுகளில் ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. அதற்கென்றே அகலமான டயர் பூட்டிய வண்டிகள் வருகின்றன. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 200 மைல் தூரத்துக்கு ஆண்டுதோறும் பந்தயமே நடக்கிறது. இறைவழிபாட்டுக்கும் மிதிவண்டி புதியதன்று. ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ பேராலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரிகர்கள், நடந்து வந்தால் குறைந்தது 100 கிலோமீட்டரையும், மிதிவண்டியில் வந்தால் குறைந்தது 200 கிலோமீட்டரையும் கடந்திருக்க வேண்டும். அப்போதுதான் யாத்திரைச் சான்றிதழ் கிடைக்கும். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 பௌத்த ஆலயங்களைச் சுற்றி வருவோரிலும் மிதிவண்டியில் செல்பவர்கள் உண்டு. நாங்கள் இருவரும் மாசி மாதத் தொடக்கத்தில், சிவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பாக, சாதாரண சைக்கிள்களிலேயே புறப்பட்டோம். துணைக்கு மகள் வந்து தாயோடு தங்கினாள்.

வேன்கள் பெரும்பாலும் சங்கரன்கோவிலில் தொடங்கும். நாங்கள் வலமாகவே வர எண்ணினோம். புளியங்குடியிலிருந்து வடக்கே சென்று, பின்பு கிழக்கே திரும்பி, தெற்கே இறங்கி, மேற்கு நோக்கி வீடு சேர்ந்தால் இந்த நிலம் முழுவதும் நமக்கு வலப்புறமாகவே இருக்கும். சந்நிதியை வலம் வருவது போல ஒரு சீமையையே வலம் வருவது அது.

புறப்படும் முன் என் மனைவி ஒன்று சொன்னாள். அவள் பிறந்த ஊர் வாசுதேவநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். சிறுமியாக இருந்தபோது தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கரை வழியே தாருகாபுரத்துக்கு நடந்திருக்கிறாள். "மடைகிட்ட ரெண்டு மருதமரம் நிக்கும். அப்பா அங்கதான் உக்கார வச்சு அவல் தருவாங்க. இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றாள்.

முதல் நாள் காலையில் வாசுதேவநல்லூரில் சிந்தாமணிநாதரைத் தொழுதோம். இறைவனும் இறைவியும் ஒரே திருமேனியாக விளங்கும் அர்த்தநாரீஸ்வரத் தலம் இது. தலமரம் புளி. எங்கள் ஊரின் பெயரிலும் அந்த மரமே இருக்கிறது. சுற்றின் தொடக்கத்தில் அம்மையும் அப்பனும் பாதிப்பாதியாக நிற்க, சுற்றின் முடிவில் சங்கரன்கோவிலில் அரனும் அரியும் பாதிப்பாதியாக நிற்கிறார்கள். வேனில் சென்ற ஆண்டுகளில் இந்தக் கோயில் எங்கள் பட்டியலில் இல்லை. ஐந்தில் ஒன்று அல்லவே என்று வண்டி நிற்காமல் போய்விடும்.

வாசுதேவநல்லூரிலிருந்து கிழக்கே திரும்பியதும் தார் முடிந்து குளக்கரை தொடங்கியது. இந்த வட்டாரத்துக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மலையிலிருந்து இறங்கும் ஓடை முதல் குளத்தை நிரப்பும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இப்படியே சங்கிலியாக நீளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த நீர் மாசியிலும் பாதிக்குமேல் கிடந்தது. நாரைகள் நின்றன. கரைக்குக் கீழே பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மேலே நின்ற தண்ணீர், மடை வழியே இறங்கி, வாய்க்காலில் ஓடி, கதிராக நிற்பதை ஒரே பார்வையில் காண முடிந்தது. கருவறைக்குள் நீராக நிற்கும் இறைவனை நோக்கிச் செல்லும் வழி நீரோடுதான் செல்கிறது.

மடையருகே ஒரு மருதமரம் நின்றது. இன்னொன்று இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாய்ப் போன அடிக்கட்டை மட்டும் கிடந்தது. மடை சிமெண்டால் புதுப்பிக்கப்பட்டிருந்தது. என் மைத்துனர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "அத்தான், அக்காகிட்ட ரெண்டும் நிக்குதுன்னே சொல்லிருவோம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மரத்தடியில் அமர்ந்து, கொண்டுபோன அவலை இருவரும் உண்டோம்.

தாருகாபுரத்து இறைவனுக்கு மத்தியஸ்தநாதர் என்று பெயர். மன்னர்களுக்கிடையே எழுந்த எல்லைப் பூசலில் இறைவனே நடுவராக வந்து தீர்த்து வைத்தார் என்கிறது தலவரலாறு. அம்மை அகிலாண்டேஸ்வரி; திருவானைக்காவல் என்னும் நீர்த்தலத்து அம்மைக்கும் அதே பெயர். நீர்த்தலத்து இறைவன் நடுவராக இருப்பதன் பொருத்தம் குளக்கரை வழியே வந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மேல்குளத்துக்காரர் மடையை அடைத்தால் கீழ்க்குளத்துக்காரருக்கு நீர் இல்லை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தபோது இத்தகைய வழக்குகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் உள்ள இடத்தில் நடுவரும் இருந்தாக வேண்டும்.

அன்று மாலை தென்மலையை அடைந்தோம். திரிபுரநாதரும் சிவபரிபூரணி அம்மையும் அருளும் வாயுத் தலம். இந்த வட்டாரத்துக்குக் காற்று ஒரு பெருஞ்செல்வம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாயின் வழியே மேல்காற்று பாய்ந்து வரும். சங்கரன்கோவில், சுரண்டை பகுதிகளில் காற்றாலைகள் எழுந்ததும் அதனால்தான். அந்த மாதங்களில் கிழக்கே செல்லும் மிதிவண்டியை யாரோ பின்னிருந்து தள்ளுவது போல இருக்கும். திரும்பும்போது மிதித்தாலும் வண்டி நகராது. நாங்கள் சென்றது மாசி மாதம். காற்று அடங்கியிருந்தது. கருவேல மரங்களின் இலைகள் மட்டும் சிறிது அசைந்தன. கோயிலுக்குள் அமர்ந்திருந்தபோது என் மூச்சின் ஒலியே எனக்குக் கேட்டது. நாள் முழுவதும் மிதித்து வந்த மூச்சு சீராக அடங்குவதைக் கவனித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு வாயு வழிபாடு உண்டா என்று தோன்றியது. இரவு சிவகிரியில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் தேவதானம் புறப்பட்டோம். பனி விழுந்து செம்மண் இறுகியிருந்தது. சக்கரம் புதையாமல் உருள அந்த நேரமே சிறந்தது. இடப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை விடியும் வரை கறுத்து நின்று, பின்பு நீலமாகியது. சோழ மன்னன் வஞ்சகமாக அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் என்பதால் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று திருநாமம். அம்மை தவம்பெற்ற நாயகி. வேனில் வந்த இரவுகளில் விளக்கொளியில் இந்தக் கோபுரத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். பகலில்தான் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வானம் இருக்கிறது என்று தெரிகிறது. மலையும் வயலும் கோபுரமும் சேர்ந்தும் அந்த வானத்தில் சிறு பகுதியைத்தான் நிரப்புகின்றன.

அங்கிருந்து கிழக்கே கரிவலம்வந்தநல்லூர் செல்லும் வழிதான் பயணத்தில் கடினமானது. செம்மண் மறைந்து கரிசல் தலைகாட்டத் தொடங்கும். காய்ந்த கரிசல் சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக இருக்கும். மழை பெய்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, மட்கார்டில் அடைந்து, வண்டியைத் தோளில் தூக்க வைத்துவிடும். நிழல் குறைவு. இருபுறமும் சீமைக்கருவேல். அதன் விறகை மண் மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டங்கள் ஆங்காங்கே புகைந்தன. பதினொரு மணி வெயில், புகை, கரி. நெருப்புத் தலத்துக்குச் செல்லும் வழி நெருப்பாகவே இருந்தது.

கரி என்னும் யானை வலம் வந்து வழிபட்ட ஊர் ஆதலால் கரிவலம்வந்தநல்லூர். சுவாமி பால்வண்ணநாதர், அம்மை ஒப்பனையம்மாள், தலமரம் களா. இத்தலத்தின் மீது எழுந்த பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்று போற்றுவார்கள். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் பழைய ஏடுகளைத் தேடி இந்த ஊருக்கும் வந்தார். பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலுடன் வந்தவருக்கு, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் கிடைத்தது. அதைப் பின்னாளில் மிகுந்த வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். பால்வண்ணநாதர் முன் நின்றபோது அந்த ஏடுகள் என் நினைவுக்கு வந்தன. அடிக்கட்டையாகிப் போன மருதமரமும் நினைவுக்கு வந்தது. போனவை போனவைதான். ஆனால் அவர் அதோடு தேடலை நிறுத்தவில்லை. எஞ்சியிருந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். அதனால்தான் நமக்குச் சங்க நூல்கள் பல கிடைத்தன.

வெயில் தாழ்ந்த பின் சங்கரன்கோவிலை அடைந்தோம். சங்கன், பதுமன் என்ற இரு நாகர்களுக்கும் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்ற வாதம் எழ, கோமதி அம்மையின் தவத்துக்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்த தலம். அந்தத் தவமே ஆடித்தபசு விழாவாக இன்றும் நடக்கிறது. மண் தலம் என்பதற்கேற்ப இங்கே பிரசாதம் புற்றுமண். நோய் தீர அதைப் பூசுவதும், நீரில் கரைத்து உட்கொள்வதும் வழிவழியாக வரும் நம்பிக்கை. அன்று என் வேட்டியிலும் காலிலும் ஐந்து ஊர்களின் புழுதி படிந்திருந்தது. கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய், புற்றுமண்ணைக் கையில் வாங்கியபோது, கழுவியதும் மண், வாங்கியதும் மண் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நெல்கட்டும்செவல் வழியாகப் புளியங்குடி திரும்பினோம். ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்ற பூலித்தேவரின் ஊர் அது. 1755-இல் கர்னல் ஹெரான் படையுடன் வந்தும் அந்தக் கோட்டையைப் பணிய வைக்க முடியவில்லை. பின்னாளில் சிறைப்பட்ட பூலித்தேவர் சங்கரன்கோவிலில் வழிபடச் சென்று அங்கேயே இறைவனோடு கலந்து மறைந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. அவர் ஊருக்கும் அவர் மறைந்ததாகச் சொல்லும் கோயிலுக்கும் இடையே உள்ள செவல் மண்ணில் சக்கரம் உருட்டியது ஒரு பேறு.

அன்று மாலை தொடங்கி மூன்று மாலைகள் என் மனைவிக்கு வழியைச் சொன்னேன். நாரைகள், அறுப்பு வயல், கரிமூட்டப் புகை, மலை நீலமான நேரம் எல்லாம் சொன்னேன். இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டாள். மருதமரத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஒண்ணு நிக்குதுல்ல, போதும். உக்கார ஒரு மரத்து நெழல்தானே வேணும்" என்றாள். பின்பு புற்றுமண்ணை நெற்றியிலும், தைத்த இடுப்பிலும் பூசிக்கொண்டாள்.

இந்தச் சுற்றுக்கு விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மருத்துவரின் ஒப்புதல் முதலில். தனியே போக வேண்டாம். மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். மழை பெய்த மறுநாள் கரிசல் பக்கம் போகக் கூடாது. சரளையில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் குலுக்கல் குறையும். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் சக்கரம் சறுக்கும். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும். முள் நிறைந்த பாதைகள் ஆதலால் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் பம்ப்பும் கையில் இருக்கட்டும். தண்ணீரும் மோரும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிராமக் கோயில்களில் நடை சாத்தும் நேரத்தை முன்னரே விசாரித்துவிடுங்கள். மூன்று நாள் இயலாதவர்கள் வாசுதேவநல்லூரிலிருந்து தாருகாபுரம் வரை மட்டும் ஒரு காலைப் பொழுதில் போய் வரலாம்.

மிதிவண்டியும் இயலாது, வேனும் இயலாது என்று வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் நம்மில் பலர். உங்களுக்காகப் பிள்ளைகளும் உறவினரும் திருநீறும் குங்குமமும் கொண்டுவந்து தருவார்கள். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்ட பின் அவர்களைச் சற்று உட்கார வைத்து, வழியில் என்ன கண்டாய் என்று கேளுங்கள். அடுத்த முறை அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவார்கள். ஐம்பூதத் தலங்களின் இறைவர் அவர்களையும் உங்களையும் காப்பாராக.